நூலக்கா போடும் மூலை

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர்கூட நிம்மதியாகச் சாய்ந்து தொங்க முடியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் அண்ணி ஒரு விரலால் அதைத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் போவாள். கொடியில் காயும் துணிகள் இணைகோடுகளாகத் தொங்க வேண்டும். நான் அவசரத்தில் நாற்காலியைக் கோணலாகத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பினால், செருப்பை மறந்து திரும்பி வருவதற்குள் அது மேசைக்குச் செங்குத்தாக நிற்கும்.

அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். பகல் முழுக்க நெரிசலில் மல்லுக்கட்டிவிட்டு வந்து, வண்டியை வாசலில் எப்படியோ நிறுத்திவிட்டு உள்ளே வருவான். சட்டைப் பொத்தானில் கை வைப்பதற்குள் குரல் வரும்.

"என்னங்க, வண்டி சுவத்த விட்டுப் பொளந்துட்டு நிக்குது."

"நிக்கட்டும். இந்நேரத்துக்கு யாரு வந்து பாக்கப் போறா?"

"நான்தான் பாத்துட்டேனே."

அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போவான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். வேனும் சுவரும் உரசாமல், விலகாமல், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத தம்பதி மாதிரி நேராக நின்ற பிறகுதான் அவனுக்கு டீ.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு மைதானத்தில் கோடு போடும் வேலை கிடைத்தது தற்செயல்தான். நான் கணக்கு டீச்சராக இருக்கும் அதே பெண்கள் பள்ளிக்கு, ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தாள். விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. கோடு போட வந்த ஆள் ஓட்டப்பாதையைப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கோட்டைப் பார்த்த அண்ணிக்கு உடம்பே கூசிவிட்டதாம். டப்பாவை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த நூலை வாங்கி, "தள்ளி நில்லுங்க" என்றிருக்கிறாள். நான் அன்று மூன்று மணிவரை பட்டினி. அவளுக்கு அன்றே வேலை. தற்காலிக வேலைதான், ஆனால் அந்தத் தற்காலிகம் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அவள் இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு தொங்கும். பிள்ளைகள் அவளை நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இரண்டு இரும்பு முளை, ஒரு சுத்தியல், அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டின், அதில் சுண்ணாம்புத் தூள். முளைகளை அடித்து, நூலை இழுத்துக் கட்டி, நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். நூல் அதிர்வது நிற்கும்வரை மூச்சு விடமாட்டாள். பிறகு டின்னைத் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பாள். விளையாட்டு டீச்சர், தலைமையாசிரியை, யார் அந்தப் பக்கம் வந்தாலும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் நான் கரும்பலகையில் மூச்சு முட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் சொந்தமாக ஒரு வார்த்தை இருந்தது. செங்கோணம் என்றால் நேர் மூலை. அதைவிடச் சிறிய குறுங்கோணம் ஒடுங்கின மூலை. அதைவிடப் பெரிய விரிகோணம் பொளந்த மூலை. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீளமான பக்கத்துக்கு நாங்கள் கர்ணம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவளுக்கு அது சாஞ்ச கயிறு. ஒரு செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் அவளுக்குக் குறுக்கு ரெண்டும்.

எனக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன்.

"அண்ணி, அதுக்குக் கர்ணம்னு ஒரு பேர் இருக்கு. அப்படிச் சொன்னா என்ன?"

"சொன்னா கயிறு இன்னும் நேரா நிக்குமா?"

"இல்ல, ஆனா…"

"அப்ப தண்ணிய இந்தப் பக்கம் தள்ளு."

அண்ணன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபம்தான் பிறகு என்னை வம்பில் மாட்டிவிட்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை தற்காலிக வேலைகளின் பட்டியலை எடுத்தார். எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று பேச்சு. மைதானக் கோடு என்று வந்தபோது விளையாட்டு டீச்சர், "அது ரொம்பக் கஷ்டமான வேலை மேடம். மூலை சரியா வரணும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மூலை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"அதுல என்ன கஷ்டம்? ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு, கர்ணம் அஞ்சு. செங்கோணம் தானா வந்துரும். எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களே போட்டுருவாங்க."

எங்கள் தலைமையாசிரியை யார் எதைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்கிறவர். அவருடைய பேனா நகர்வதைப் பார்த்த பிறகுதான் நான் பேசிக்கொண்டிருப்பது யாருடைய சோற்றைப் பற்றி என்று உறைத்தது. மறுநாள் அறிக்கையில் இருந்தது: 'கோடு போடத் தனி ஆள் தேவையில்லை என்பது கணித ஆசிரியையின் கருத்து. பள்ளிகளுக்கிடையிலான வாலிபால் போட்டி முடிந்ததும் நிர்வாகக் குழு முடிவெடுக்கும்.' நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அதற்குள் விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அண்ணி என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரவு என் துணிகளை மடித்துக் கொண்டுவந்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு, "எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அடுத்த இடி. பள்ளிக்குப் பின்னால் புதிதாகச் சமன்செய்த மைதானத்தில் அண்ணி நூல் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தவள், நீளம் தாண்டுவதற்காகத் தோண்டியிருந்த மணல் குழியில் விழுந்தாள். கணுக்காலில் விரிசல். மூன்று வாரத்துக்கு மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "நூல் அறுந்துருச்சா?" என்பதுதான்.

"தூக்கி நிறுத்தின காலே கோணலா இருக்கு, நூலாம் நூல்," என்றான் அண்ணன்.

"காலு சரியாயிரும்ங்க. கோடு யாரு போடுறது?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கோட்டை ஒழுங்காகப் போட்டால், யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நான் சொன்னது உறுதியாகி அண்ணியின் வேலை போகும். கோணலாகப் போட்டால், மைதானப் பொறுப்பு அவளுடையது என்பதால் அவள் பெயர் கெட்டு வேலை போகும். எப்படிப் பார்த்தாலும் வேலை போகும். சரி, முதலில் நன்றாகப் போடுவோம், பிறகு தலைமையாசிரியை காலில் விழுந்தாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நன்றாகப் போட முடியுமா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கட்டிலில் இருந்தபடி டேப்பை என் கையில் கொடுத்தாள். முப்பது மீட்டர் நாடா. அதன் நுனியைப் போன மழைக்காலத்தில் புல்வெட்டும் இயந்திரம் கடித்துக் குதறியதில், அண்ணி அந்த இடத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டாள். ஆகவே அந்த டேப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காது, முப்பது சென்டிமீட்டரில்தான் ஆரம்பிக்கும்.

"எத அளந்தாலும் முப்பது கூட்டிக்கோ. ஒம்பது மீட்டர் வேணும்னா ஒம்பது முப்பதுல கோடு போடு. கடைசில குறுக்கு ரெண்டையும் அளந்து பாரு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் மூலை நேரு."

"அண்ணி, நான் கணக்கு டீச்சர்."

"தெரியும். அதான் ரெண்டு தடவ சொல்றேன்."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் விளையாட்டு டீச்சரும் மைதானத்தில் இறங்கினோம். வாலிபால் ஆடுகளம் பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம். முதல் மூலையில் முளை அடித்தேன். அங்கிருந்து அகலப் பக்கம் மூன்று, நீளப் பக்கம் நான்கு, கர்ணம் ஐந்து. விளையாட்டு டீச்சர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"டீச்சர், இதுக்கும் முப்பது கூட்டணும்ல?"

இந்த இடத்தில் நான் ஒரு பாடம் நடத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"தேவையில்லைங்க. களத்தோட நீள அகலத்துக்குக் கூட்டித்தான் ஆகணும், அது விதி. மூலைக்கு வேணுங்கிறது வடிவம்தான், அளவு இல்ல. மூணு பக்கத்துலயும் அதே முப்பதுதான் குறையுது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி குறைஞ்சா முக்கோணம் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். வடிவம் மாறாது. இதுக்கு வடிவொத்த முக்கோணம்னு பேரு."

"படிச்சவங்க படிச்சவங்கதான்," என்றார் அவர், வாய் பிளந்து.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகு ஒன்பதுக்கும் பதினெட்டுக்கும் முப்பதை ஒழுங்காகக் கூட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தேன். நான்கு பக்கமும் மயிரிழை பிசகவில்லை. எதிர்ப்பக்கங்கள் சமம். மனம் குளிர்ந்துவிட்டது. டின்னைத் தட்டித் தட்டி வெள்ளைக்கோடு போட்டு முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, கொசு பிடுங்கியது. மூலைவிட்டத்தை அளக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"குறுக்கு ரெண்டையும் பாத்தியா?" என்று அண்ணி கேட்டாள்.

"பாத்தேன் அண்ணி," என்றேன். அவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மைதானத்தில் கூட்டம். அண்ணன் வேனிலேயே அண்ணியைக் கொண்டுவந்து, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலை முக்காலியில் தூக்கிவைத்தான். எதிர்ப்பக்கம் பெஞ்சுகளில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், சொந்த அணிக்குக் கத்துவதற்கென்றே வந்திருந்தார்கள். தலைமையாசிரியை குடையோடு நின்றார்.

அண்ணி களத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசலில் வேன் நிற்கிற லட்சணத்தைப் பார்க்கும் அதே பார்வை.

வாலிபால் சங்கத்திலிருந்து வந்த நடுவர் ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி. விசிலை வாயில் வைப்பதற்கு முன் சொந்த டேப்பை வெளியே எடுத்தார். அகலம் ஒன்பது. நீளம் பதினெட்டு. அந்தப் பக்கமும் ஒன்பது, பதினெட்டு. நான் தலைமையாசிரியையைப் பார்த்துப் புன்னகை செய்தேன். பிறகு அவர் டேப்பை மூலைக்கு மூலை இழுத்தார்.

"இருபது மீட்டர் அம்பத்தேழு."

மறு மூலைவிட்டம்.

"பத்தொம்பது மீட்டர் அறுபத்தேழு."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எதிர்ப்பக்கம் எல்லாம் சமமா இருக்கு. மூலைவிட்டம் மட்டும் கிட்டத்தட்ட தொண்ணூறு சென்டிமீட்டர் இடிக்குது. இது என்னங்க இது?"

அவர் தன்னையேதான் கேட்டுக்கொண்டார். ஆனால் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் என் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன். நாற்பது குரல் ஒன்றாக எழுந்தது.

"இணைகரம்!"

மைதானமே அதிர்ந்தது. நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

தலைமையாசிரியை குடையை மடக்கினார். கோட்டை யார் போட்டிருந்தாலும் பொறுப்பு அண்ணியுடையது என்று அவர் திரும்பியது அவள் பக்கம்.

"என்னம்மா இது? ஒம்பது வருஷமா செய்ற வேலை. வெளியூர்லேருந்து ஆறு பள்ளி வந்திருக்கு. மானம் போகுது."

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், "முக்கால் மணி நேரம் குடுங்க மேடம், மாத்திப் போட்டுரலாம்" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அவள் போட்ட கோட்டை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இன்று அவள் போடாத கோட்டுக்காக ஆறு பள்ளிக்கு முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கோடு போட்டது நான் மேடம்," என்றேன்.

நாற்பது பிள்ளைகளின் வாயும் ஒரே நேரத்தில் மூடியது. அது என் வகுப்பில் நான் எவ்வளவு கத்தியும் நடக்காத அதிசயம்.

அண்ணிக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. "மூலைக்கு முப்பது கூட்டினியா?" என்றாள்.

"இல்ல அண்ணி. மூணுலயும் ஒரே அளவுதானே குறையுதுன்னு…"

"ஒரே அளவு குறைஞ்சா ஒரே மாதிரி குறைஞ்சதாகுமா? மூணு மீட்டர்ல முப்பது போறது பெரிய வெட்டு. அஞ்சு மீட்டர்ல முப்பது போறது சின்ன வெட்டு. அப்ப சாஞ்ச கயிறு மட்டும் மிச்சமா நிக்கும். மிச்சமா நிக்கிறது சும்மா இருக்குமா? மூலையப் பொளந்துரும்."

நடுவர் பலமாகத் தலையாட்டினார். நான் பதினோரு வருடமாக விகிதம் என்று ஒரு பாடம் நடத்துகிறேன். அதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஆறு பள்ளியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். அண்ணி நாற்காலியில் இருந்தபடியே மைதானத்தைக் கையில் எடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு பழைய சுண்ணாம்பைத் துடைப்பத்தால் கூட்டியது. விளையாட்டு டீச்சர் சுத்தியல். அண்ணன் ஒரு முளை. தலைமையாசிரியை ஏதோ கேட்க வந்தவர், "அந்த நூலக் கொஞ்சம் பிடிங்க மேடம், தொய்யக் கூடாது" என்று சொல்லப்பட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூல் பிடித்தார். நான் டேப்போடு மண்டியிட்டிருந்தேன்.

"மூணு முப்பது வச்சியா?"

"வச்சேன் அண்ணி."

"நாலு முப்பது?"

"ஆச்சு."

"சாஞ்ச கயிறு அஞ்சு முப்பது. இன்னும் உள்ள வா. வா. இன்னும் ஒரு விரக்கடை. ஏம்மா, பயப்படாம வா. நில்லு! அதான் நேர் மூலை."

அடுத்த முப்பத்தைந்தாவது நிமிடம் நடுவர் மறுபடி மூலைக்கு மூலை டேப்பை இழுத்தார். இருபது மீட்டர் பன்னிரண்டு. மறுபக்கமும் இருபது மீட்டர் பன்னிரண்டு. அவர் விசிலை எடுத்து, ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன், அண்ணியைப் பார்த்து ஒரு தடவை தனியாக ஊதினார். பிள்ளைகள் நூலக்கா, நூலக்கா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கள் அணி அன்று வரிசையாகத் தோற்றது. அதற்குக் கோடு காரணமில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பழைய அறிக்கை விரித்துக் கிடந்தது. என் பொன்மொழிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.

"குழு திங்கக்கிழமை கூடுது. உங்க கருத்த மாத்திக்கிறதா இருந்தா எழுத்துல குடுங்க."

வெள்ளைத்தாளை வாங்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கோடு போடுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை என்று நான் சொன்னது தவறு. நானே முயன்றேன். என்னால் ஒரு செங்கோணம் போட முடியவில்லை. இந்த வேலைக்கு அதற்குரிய ஆள் நிரந்தரமாகத் தேவை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். அவங்க உங்க அண்ணி. அவங்க வேலைய காப்பாத்தணும்னு, தெரிஞ்சே கோணலாப் போட்டீங்களா?"

இப்படி ஒரு வாசல் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் போதும். என் கணக்கு மானமும் மிஞ்சும், நல்ல நாத்தனார் என்ற பெயரும் கிடைக்கும். நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குள் தலைநிமிர்ந்து போகலாம். வாய்வரை வந்துவிட்டது.

"ஏன் கேக்குறேன்னா," என்றார் அவர், "நாடகம்னு தெரிஞ்சா குழு இந்தக் கடிதாசியக் கிழிச்சுப் போட்டுரும்."

"இல்ல மேடம்," என்றேன். "நல்லா யோசிச்சு, சரின்னு முழுசா நம்பித்தான் போட்டேன். விளையாட்டு டீச்சருக்கு விளக்கம்கூடக் குடுத்தேன். அவங்களக் கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டேன்," என்றார் தலைமையாசிரியை. அவர் சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"கையெழுத்துக்குக் கீழ உங்க பட்டத்தையும் எழுதுங்க டீச்சர். அப்பதான் இதுக்கு ஒரு கனம்."

எழுதினேன். எம்.எஸ்ஸி., எம்.எட்., இரண்டையும். கணிதத்தில் முதல் வகுப்பு என்பதையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். அந்தப் பட்டங்களை வாங்கி இத்தனை வருடமாகிறது. எங்கள் வீட்டுக்கு அவற்றால் ஒரு உருப்படியான உபயோகம் கிடைத்தது அன்றைக்குத்தான்.